அறுபத்தொன்றாம் அத்தியாயத்தில் ஓர் இடைவெளி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் இணையக் கதைத் தளத்தில் இதுவரை அழிந்த கதைகளிலேயே மிக நீளமான கதையை அழித்தவள் நான்தான். ஹேக்கரும் இல்லை, வைரஸும் இல்லை. என் வலது கை ஆள்காட்டி விரல். புதிதாகத் தன்னார்வலர்களாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் என் பன்னிரண்டு வருட நிர்வாகப் பெருமைகளைச் சொல்லச் சொன்னார்கள். நான் பெருமைப்படுகிற விஷயம் இந்தத் தவறிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் செக்‌ஷனில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவள். ஒரு கன்டெய்னர் நம்பரில் ஒரு எழுத்து மாறினால் சரக்கு துறைமுகத்திலேயே கிடந்து நாறும். அப்படி ஒன்றுகூட என் கையால் நடந்ததில்லை. இதை நான் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, நான் வந்தாலே ஆட்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தத் திமிரோடுதான் இந்தத் தளத்துக்கும் வந்தேன்.

நம் தளம் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். டிவி தொடரில் ஒரு பாத்திரத்தை அநியாயமாகச் சாகடித்துவிட்டால், இங்கே நாலு பேர் உட்கார்ந்து அவளைப் பிழைக்க வைப்பார்கள். தொடர்கதையில் சேராமல் போனவர்களை இங்கே சேர்த்து வைப்பார்கள். எழுதுகிறவர்களும் வாசகர்கள்தான், நிர்வகிக்கிறவர்களும் வாசகர்கள்தான். யாருக்கும் சம்பளம் கிடையாது. அதனால் யாரையும் அதட்டவும் முடியாது. ஆபீஸில் அதட்டியே பழகிய எனக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கருத்துப் பெட்டியில் நீங்கள் எதுவும் எழுதுவதற்கு முன், அந்த அத்தியாயத்திலிருந்து உங்களுக்குப் பிடித்த வரிகளை எடுத்து மேலே ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் உங்கள் கருத்து. இதைக் கொண்டுவந்தவள் தளத்தைத் தொடங்கிய பெண். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் வெறுமனே ‘சூப்பர்’, ‘அடுத்தது எப்போ’ என்று எழுதிவிட்டுப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. படித்ததற்கு அடையாளம் காட்டு என்றாள். இன்னொரு விதியும் அவள் வைத்ததுதான். கதையை எடுத்துவிட்டாலும் அதன் கருத்துகளை எடுக்கக் கூடாது, அவை வாசகர்களின் சொத்து. இரண்டுமே வீண் தொல்லை என்று நான் அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அவள் எங்கோ நல்ல வேலையில் இருக்கிறாள். இதைப் படித்தால் சிரிப்பாள்.

நடந்தது இதுதான். தளத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். தொழில்நுட்ப வேலை முழுவதும் செல்வின் பொறுப்பு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்து லேப்டாப்பை விரித்துவிடுவான். அந்த ஞாயிறு மத்தியானம் மாற்றம் முடிந்தது. ஆனால் நிறைய கதைகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. ஒன்று முழுக் கதை, இன்னொன்று உள்ளே எதுவும் இல்லாத வெறும் தலைப்பு.

“சாயங்காலம் வாசகர்கள் வந்துருவாவ. வெறும் தலைப்ப எல்லாம் நானே அழிச்சிருதேன். நீ பழைய சர்வர மூடிரு” என்றேன்.

“ரெண்டு நாள் கழிச்சு மூடுவோமேக்கா?”

“எதுக்குலே ரெண்டு நாளு? எல்லாந்தான் வந்துட்டே.”

அவன் மூடினான். நான் அழித்தேன். முதல் இருபது கதைகளைத் திறந்து பார்த்து அழித்தேன். அதன்பின் ஒரு சூத்திரம் கண்டுபிடித்துவிட்டேன். இன்றைய தேதி உள்ளது முழுக் கதை, பழைய தேதி உள்ளது வெறும் தலைப்பு. அதற்குமேல் எதையும் திறக்கவில்லை. தேதியைப் பார்த்தேன், தட்டினேன், பார்த்தேன், தட்டினேன். கடைசியில் குப்பைத் தொட்டியையும் சுத்தமாகக் காலி செய்தேன். வீடு பெருக்கி முடித்த திருப்தி.

ஒரே ஒரு கதை மட்டும் மிகப் பெரியது என்பதால் செல்வின் அதை முந்தின நாளே ஏற்றியிருந்தான். அதன் வெறும் தலைப்புதான் அன்றைய தேதியில் வந்திருந்தது. நான் அழித்தது முழுக் கதையை.

அது ‘வெள்ளிமீன்’ என்ற பெயரில் எழுதுகிறவரின் கதை. ஒரு தொடரில் மூத்த மருமகளைக் கடைசி வாரத்தில் படகைக் கவிழ்த்துச் சாகடித்திருந்தார்கள். அவள் சாகவில்லை என்று தொடங்கி, ஆறு வருடமாக, எண்பத்து நான்கு அத்தியாயம் எழுதியிருந்தார். பழைய சர்வரை மூடியதோடு அதிலிருந்ததும் போய்விட்டது. மாதாமாதம் பேக்கப் என்று எடுத்துவைத்த காப்புப் படி இருந்தது. செல்வின் திறந்தான். பெரிய கோப்பு என்பதால் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. இந்தக் கதை அந்த வராத பாதியில் இருந்தது. காப்புப் படி எடுக்கிறோம் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்ட நாங்கள், ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்த்ததில்லை.

வேறு எழுத்தாளராக இருந்தால் அவரிடமே ஒரு பிரதி இருக்கும். வெள்ளிமீன் அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும். காயல்பட்டினத்துப் பெண். கணவர் துபாயில். ஒருமுறை எனக்கு எழுதிய மெயிலில், “நான் நோட்டுல எழுதுறதில்லக்கா, வீட்ல யாராச்சும் எடுத்துப் பார்த்தா வெக்கமாயிரும். ஃபோன்ல நேரா உங்க தளத்துலதான் எழுதுறேன். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்” என்று சொல்லியிருந்தார்.  முப்பத்தோரு வருடத்தில் கப்பல் கம்பெனிக்காரன் நஷ்டத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நஷ்டத்தைப் பார்த்ததில்லை.

அவரைக் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. தாயாரோடு மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருந்தார். அங்கே போயும் கதையை யோசிக்கக் கூடாது என்று ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாக, முந்தின வாரம்தான் வாசகர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரும்பி வர இன்னும் பத்து நாள்.

செல்வின் மெதுவாகச் சொன்னான். “பராமரிப்பு வேலைன்னு ஒரு போர்டு வச்சிருவோம்க்கா. பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள எதாவது பண்ணிரலாம்.”

சபலம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதாவது பண்ண வேண்டுமென்றால் வாசகர்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், அவர் நம்மிடமிருந்துதான் இதை முதலில் கேட்க வேண்டும். முதலில் அவருக்கு மெயில் எழுதினேன். படிக்க மாட்டார் என்று தெரிந்தும் எழுதினேன். பிறகு கதை இருந்த பக்கத்தில் போட்டேன்: ‘நிர்வாகியான என் கைத்தவறால் இந்தக் கதை அழிந்துவிட்டது. எழுதியவருக்கு மெயில் அனுப்பியிருக்கிறோம், அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை. உங்களிடம் எந்தப் பகுதி இருந்தாலும் அனுப்புங்கள்.’ கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். திட்டு வாங்கினேன். நல்ல தமிழில் திட்டுகிற வாசகர்கள் நமக்கு இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

திட்டி முடித்ததும் அனுப்பத் தொடங்கினார்கள். ஒருத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். ஒருவர் தன் மாமியாருக்காகப் பெரிய எழுத்தில் பிரின்ட் போட்டு வைத்திருந்தார். மூன்றாம் நாள் ‘செல்வராணி’ என்ற வாசகியிடமிருந்து ஒரு குரல் செய்தி. போட்டால் கட்டைக் குரல்.

“மேடம், நாந்தான் செல்வராணி. அது எங்க வீட்டுக்காரி பேரு. நான் கப்பல்ல தேர்டு இன்ஜினியரா இருக்கேன். நடுக்கடல்ல நெட்டு கெடைக்காது பாத்தியளா, அதனால கெளம்புறதுக்கு முந்தி அத்தியாயத்த எல்லாம் சேவ் பண்ணிக்கிடுவேன். இருவதுலேருந்து ஐம்பத்தொம்பது வரை இருக்கு. அனுப்பிட்டேன். ஆனா மேடம், கப்பல்ல உள்ள பயலுவளுக்குத் தெரிய வேண்டாம்.”

ஆறு வருடமாக அந்த மூத்த மருமகளுக்காகக் கருத்துப் பெட்டியில் கதறி அழுதுகொண்டிருந்தது இந்த மனிதர்தான்! அந்த மூன்று நாளில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனாலும் கிடைத்தது பாதிதான். அப்போதுதான் கோமதி சொன்னாள். கோமதி ஆழ்வார்திருநகரியில் கணக்கு டீச்சர், நான் பிறந்த ஊர்க்காரி. நம் தளத்தில் அவள் எழுதிய கதைகளுக்கு இன்றும் ரசிகர் கூட்டம் உண்டு. “யக்கா, கருத்துப் பெட்டி அப்படியே இருக்குல்லா? பிடிச்ச வரின்னு ஆளாளுக்கு அரைப் பக்கம் ஒட்டி வச்சிருக்காவளே. அத அடுக்கிருவோம்” என்றாள்.

அடுக்கினோம். எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்தாறு அத்தியாயம். ஒரு அத்தியாயத்துக்கு நூறு கருத்து இருந்தால், நூறு துண்டு. ஒருவர் எடுத்த பத்தியின் கடைசி வரியில் இன்னொருவரின் முதல் வரி வந்து சேரும். இரண்டையும் பொருத்தும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும். அந்தக் கல்லூரிப் பெண் வைத்த விதியை நான் எடுத்திருந்தால் எங்களிடம் ஒரு வரியும் இருந்திருக்காது. அன்றைக்கு என் சண்டையில் நான் ஜெயிக்காததற்கு இன்றும் சந்தோஷப்படுகிறேன்.

எட்டாம் நாள் அங்கங்கே ஓரிரு வரி விடுபட்டதைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. அறுபத்தொன்றாவது அத்தியாயத்தில் மட்டும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அதற்கு முந்தின அத்தியாயத்தில்தான் செத்துப்போனதாக நினைத்த மருமகள் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள், பெரிய சண்டை. அறுபத்தொன்று வந்த பிறகும் வாசகர்கள் அந்தச் சண்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அறுபத்தொன்றில் மாமியாரும் மருமகளும் அடுப்படியில் தனியாக இருக்கிற காட்சி. அதன் தொடக்கத்தையும் முடிவையும் ஒட்டியிருந்தார்கள், நடுவை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் பார்த்தால் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. படித்தேன். மாமியார் மண்டியிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். மருமகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்திரிங்க அத்தை, நான் எப்பவோ மறந்துட்டேன்” என்கிறாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்தப் புண்ணியவானிடமிருந்து கிடைத்தது என்று கேட்டு எங்கள் எட்டுப் பேர் வாட்ஸப் குழுவில் போட்டேன். கோமதி ஃபோனில் கூப்பிட்டாள்.

“கெடைக்கலக்கா. நாந்தான் எழுதினேன்.”

 அவளே தொடர்ந்தாள். “அவ நடை எனக்கு அத்துப்படி. ஒரு ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒங்களுக்கே தெரியல பாத்தியளா?”

“ஏளா, அது அவ கதை.”

“நாம பண்ணுததே அதுதானக்கா? அடுத்தவன் கதையில எடம் விட்டுக் கெடந்தா நெரப்புதோம். டிவிக்காரன் கிட்ட கேட்டா எழுதுனோம்?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. உங்களிடமும் யாராவது ஒருநாள் கேட்பார்கள், அதனால் நான் சொன்ன பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். “டிவிக்காரன் கதைய நாம ஆயிரம் தடவ மாத்தி எழுதினாலும், அவன் கதை அங்கன அப்படியே இருக்கு. யாரு வேணும்னாலும் போய்ப் பாத்துக்கிடலாம். இங்கன அவ கதையே இல்ல. நீ எழுதுனத வச்சா, அதுதான் அவ எழுதுனதுன்னு ஆயிரும். அவளே நம்பிருவா.”

“அப்ப ஓட்டையோடவா குடுக்கப் போறிய?”

“ஓட்டையோடதான் குடுக்கணும்.”

அவள் டக்கென்று ஃபோனை வைத்துவிட்டாள். சம்பளம் வாங்காத ஆள், கோபித்துக்கொண்டு போனால் போனதுதான். அவளைப்போல ஒருத்தி திரும்பக் கிடைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பத்து நாளில் நான் எடுத்த முடிவுகளில் இதுதான் என்னை அதிகம் வதைத்தது. சாயங்காலம் தளத்தைத் திறந்தேன். கோமதியே தன் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டிருந்தாள்: ‘இங்கே சில பத்திகள் இல்லை. எங்கள் தவறு.’ அடுத்த இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, அது வேறு விஷயம்.

வெள்ளிமீன் ஊர் வந்து சேர்ந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மெயிலைப் பார்த்திருந்தார்.  “வீட்டுக்கு வாங்கக்கா” என்று மட்டும் சொன்னார். எண்பத்து நான்கு அத்தியாயத்தையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோமதி எழுதியதையும் தனியாக ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். எதையும் மறைக்கப் போவதில்லை என்று முடிவு செய்தபின் அதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

காயல்பட்டினத்தில் பெண்கள் போய் வருகிற முடுக்குச் சந்து வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். முப்பத்தைந்து வயது இருக்கும், நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். அவருடைய உம்மா, உம்ராவிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்து, “தூத்துக்குடியில இருந்தா வர்றிய? வெயில்ல வந்திருக்கியளே, சாப்பிடுங்க” என்று உபசரித்தார்.  உம்மா உள்ளே போனதும், என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தேதியைப் பார்த்து அழித்தது, பழைய சர்வரை அவசரமாக மூடச் சொன்னது, காப்புப் படியைத் திறந்து பார்க்காதது, எல்லாம்.

அவர் பிரின்ட்டை மடியில் வைத்துப் புரட்டினார். அரை மணி நேரம் இருக்கும். ஓரிரு இடத்தில் விரலால் வரியைத் தடவினார். அறுபத்தொன்று வந்ததும் நின்றுவிட்டார்.

“இத யாருமே எடுத்துப் போடலியாக்கா?”

“இல்லம்மா.”

“எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான்.”

அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. வாசகர்கள் கொண்டாடிய வரிகளையெல்லாம் மீட்டுக் கொடுத்தோம். அவர் கொண்டாடிய வரி மட்டும் போயிருந்தது. கவரை எடுத்து நீட்டி, கோமதியைப் பற்றியும் சொன்னேன். “அவளத் தப்பா நினைக்காதீங்க. ஒங்க மேல உள்ள பிரியத்துலதான் எழுதினா.”

ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“அழ வச்சிட்டாங்களே! நல்லா எழுதியிருக்காங்கக்கா. ஆனா இவ மன்னிக்க மாட்டா. அந்த எடத்துல இவ பேசவே இல்ல. மாமியா பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கா, அழுறா. இவ சோத்த வடிச்சிட்டு, ‘ஒங்களுக்கு மொளகா ஆகாதுல்ல?’ன்னு மட்டும் கேக்குறா. அவ்வளவுதான்.”

 அத்தனை நாள் பகையும் அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கப்போகிற வாழ்க்கையும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. முதல்முறை அதைப் படித்தவர்களில் நானும் ஒருத்தி. கவனிக்காமல் தாண்டிப் போயிருந்தேன். கோமதியின் பகுதியை அப்படியே விட்டிருந்தால், இந்த வரி உலகத்தில் எங்கேயும் இருந்திருக்காது.

அங்கேயே ஃபோனை எடுத்து, கட்டைவிரலால் தட்டி அந்த இடைவெளியை எழுதினார். முன்பு எழுதிய மாதிரியே வந்ததா என்று கேட்டேன். “இல்ல, இப்பக் கொஞ்சம் நல்லாருக்கு” என்றார். நான் கிளம்பும்போது கவரைத் திருப்பிக் கொடுத்து, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“அவங்க எழுதினத வீணாக்க வேண்டாம்க்கா. அவங்க பேருலயே தனிக் கதையா போடுவாங்களான்னு கேளுங்க.”

பஸ் ஸ்டாண்டிலிருந்தே கோமதியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.  “கணக்கு பேப்பர் திருத்திட்டு இருக்கேன், பெறவு பேசுதேன்” என்று வைத்துவிட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

தம்பி தங்கைகளே, சர்வரை எப்போது மூடுவது, காப்புப் படியை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் செல்வின் உங்களுக்கு எழுதித் தருவான். என்னிடமிருந்து இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தவறு நடந்தால் உங்கள் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு அழகாக நிரப்பத் தெரிந்தாலும், அடுத்தவர் கதையின் ஓட்டையை ஓட்டையாகவே அவர் கையில் கொடுங்கள்.

கோமதியின் கதை அந்த வாரக் கடைசியில் வந்தது. நாம் எழுதுகிற ஒவ்வொரு கதைக்கும் தலையில், ‘இதில் வரும் மாந்தர்கள் என்னுடையவர்கள் அல்லர், இன்னாருக்குச் சொந்தம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். அங்கே இத்தனை வருடமும் ஏதாவது ஒரு தொடரின் பெயரோ, பெரிய எழுத்தாளரின் பெயரோதான் இருந்திருக்கிறது. அன்றைக்குக் கோமதி எழுதியிருந்தாள்: ‘இந்த மருமகள் என்னுடையவள் அல்லள். இவள் வெள்ளிமீனுக்குச் சொந்தம்.’

காயல்பட்டினத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எடுத்தால் அழுகைதான் கேட்டது. கடைசியில், “அக்கா, எனக்குச் சொந்தம்னு போட்டிருக்காங்க” என்றார்.

“ஆமாம்மா,” என்றேன். “ஒனக்குத்தானே சொந்தம்.”